சப்பாத்தும் சிலிப்பரும்: காலணிச் சொற்களின் வேர் பற்றி ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளையிடம் "சப்பாத்துப் போட்டாச்சோ?" என்றுதான் தாய் கேட்பாள். அந்தப் பிள்ளைக்குக் கல்வி அமைச்சு கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் 'பாதணி வவுச்சர்'. பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் காலில் ஏறுவது 'பாட்டா' அல்லது 'சிலிப்பர்'. கோயில் வாசலில் கழற்றி வைப்பது 'செருப்பு'. ஒரே சோடிக் கால்கள் ஒரே நாளில் இத்தனை சொற்களுக்குள் புகுந்து வெளிவருகின்றன. இவற்றுள் ஒன்று திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பழஞ்சொல். ஒன்று வடமொழிச் சொல்லோடு தமிழ்ச்சொல் சேர்ந்த ஆக்கம். ஒன்று போர்த்துக்கேயர் வழி வந்தது, ஒன்று ஆங்கிலம், ஒன்று ஐரோப்பியத் தொழிலதிபர் ஒருவரின் குடும்பப் பெயர்.

இக்கட்டுரை இவற்றுள் இரண்டை எடுத்துக்கொள்கிறது: சப்பாத்து, சிலிப்பர். இரண்டும் பல பொருள் தருவன. சப்பாத்து என்ற ஒலி தமிழ் வழங்கும் நிலத்தில் காலணியையும், ஒரு பூவையும், ஒரு கள்ளியையும், ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலத்தையும் குறிக்கிறது. சிலிப்பர் என்பது காலில் போடுவதும் தண்டவாளத்தின் அடியில் கிடப்பதுமாகும். இவை ஒரு சொல்லின் பல பொருள்களா, அல்லது ஒரே ஒலியில் வந்து மோதிக்கொண்ட பல சொற்களா? விடை ஒவ்வொன்றுக்கும் வேறு. அந்த வேறுபாட்டை எப்படிக் கண்டறிவது என்பதே இங்கு என் கேள்வி.

1. 'பூட்' தரும் எச்சரிக்கை

முறையை விளக்க முதலில் ஓர் ஆங்கிலக் காலணிச் சொல்லைப் பார்ப்போம். பூட் என்றால் கணுக்காலுக்கு மேலும் ஏறும் சப்பாத்து. காரின் பின்புறத்தில் பெட்டி வைக்கும் இடத்துக்கும் பிரித்தானியர் இதே பெயரைச் சொல்வர். கணினியைத் தொடக்குவதும் பூட். இவை போக, ஒன்றைக் கொடுத்து 'மேலதிகமாக' இன்னொன்றையும் கொடுப்பதைச் சொல்லும் பழைய தொடர் ஒன்றிலும் பூட் வருகிறது.

முதல் மூன்றும் உறவுக்காரர். காலணி என்ற பொருள் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. குதிரை வண்டியில் வண்டிக்காரன் அருகே இருந்த பெட்டி போன்ற பகுதி அப்பெயரைப் பெற்று, பின்னர் பொதி வைக்கும் இடமாகி, மோட்டார் காருக்கும் வந்து சேர்ந்தது. கணினிப் பொருள் இன்னும் சுற்றுவழியில் வந்தது. உயரமான பூட்ஸின் பின்புறத்தில் இழுத்து ஏற்றுவதற்கு ஒரு தோல்வளையம் இருக்கும். அவ்வளையத்தைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்குவது என்பது நடக்க முடியாத காரியத்துக்கு உவமையாக இருந்தது. சிறிய கட்டளைத் தொகுதி ஒன்று தன்னைவிடப் பெரியதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்வதால் 1950களில் கணினியாளர் அந்த உவமையைத் தமதாக்கிக்கொண்டனர்.

'மேலதிகம்' என்ற பூட் மட்டும் இக்குடும்பத்தைச் சேராதது. அது பழைய ஆங்கிலத்தில் பரிகாரம், ஈடு என்ற பொருளில் வழங்கிய சொல். ஆங்கிலோ சாக்சன் சட்டங்களில் காயப்பட்டவனுக்குக் கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகைக்கு அதுவே பெயர். 'மேலானது' என்று பொருள்படும் பெட்டர் அதன் நெருங்கிய இனம். காலோடோ தோலோடோ அதற்கு ஒட்டில்லை. நல்ல ஆங்கில அகராதிகள் அதனால் இதைத் தனித் தலைச்சொல்லாகப் பதிகின்றன.

தமிழில் ஒருவர் எழுந்து, "பூட்ஸைக் கயிறு கட்டிப் பூட்டுகிறோம், ஆகவே பூட் என்பது நம் பூட்டு" என்று சொல்லலாம். கேட்க இனிக்கும். ஒலியும் பொருளும் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் அச்சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வழியில் எந்த இடத்திலும் தமிழ் இல்லை. ஒலி ஒப்புமை ஐயத்தை எழுப்பப் போதும், தீர்ப்புக்குப் போதாது. இதை நாம் ஆங்கிலச் சொல்லில் எளிதாக ஒப்புக்கொள்கிறோம். நம் சொல் என்று வந்துவிட்டால் மறந்துவிடுகிறோம்.

2. சப்பாத்தின் தாய்

சப்பாத்து என்பது போர்த்துக்கேயத்தின் 'ஸபாத்து' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் அவ்வாறே குறிக்கிறது. இதை மறுத்து 'சப்பை', 'பாதம்' என்பவற்றைச் சேர்த்துத் தமிழ் வேர் காட்டுவோரும் உண்டு. தட்டையான அடியை உடையது என்பது அவர்கள் தரும் விளக்கம். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்க மூன்று வகைச் சான்று நமக்கு உண்டு: ஒலி, அயல்மொழிகள், வரலாறு.

ஒலியை முதலில் எடுக்கிறேன். அதுவே மிக உறுதியானது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும். இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். வெளிமொழியின் வன்மையான ஒலியைக் காக்க வேண்டுமானால் தமிழ் அதை இரட்டிக்கவே வேண்டும். போர்த்துக்கேயர் வழி வந்த சொற்களில் இது ஒழுங்காக நடந்திருக்கிறது. பானம் அருந்தும் 'கோபு' கோப்பையானது. மரப்பீப்பாயைக் குறித்த 'பீபா' பீப்பாவானது. இரண்டிலும் மூலத்தின் வன்மையான பகரம் இரட்டித்திருக்கிறது. மாறாக, இருக்கையைக் குறித்த சொல்லில் மூல ஒலி மென்மையான தகரம். அது இரட்டிக்காமல் 'கதிரை' ஆயிற்று. சில்லைக் குறித்த சொல்லிலும் மென்மையான தகரம்தான். அது 'ரோதை' ஆயிற்று. காலணிச் சொல்லில் பகரமும் தகரமும் வன்மையானவை. விதிப்படி இரண்டும் இரட்டிக்க வேண்டும். சப்பாத்து என்பதில் இரண்டும் இரட்டித்திருக்கின்றன.

அடுத்தது நெடில். போர்த்துக்கேயத்தில் நடு அசைக்கே அழுத்தம். தமிழ் அந்த அழுத்தத்தை நெடிலாக வாங்கி 'பா' என்று ஆக்கிக்கொண்டது. இது தவறாத விதியென்று சொல்லமாட்டேன். கதிரையில் அழுத்தம் பெற்ற அசை குறிலாகிவிட்டது. ஆனால் கோப்பை, பீப்பா, ரோதை மூன்றிலும் அழுத்தமே நெடிலாக நிற்கிறது. இந்த நெடில் இன்னொரு ஐயத்தையும் தீர்க்கிறது. சிங்களத்திலும் காலணிக்கு 'சபத்து' என்றே பெயர். யாழ்ப்பாணம் இதைச் சிங்களத்தின் வழியாக வாங்கியதோ என்று சிலர் கேட்பதுண்டு. சிங்கள வடிவத்தில் நடு உயிர் குறில். அங்கிருந்து வந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்க வேண்டியது 'சப்பத்து'. நம் நாவில் இருப்பது அதுவன்று. இரு மொழிகளும் ஒரே ஊற்றிலிருந்து தனித்தனியே மொண்டிருக்கின்றன.

'சப்பை பாதம்' விளக்கம் இந்தச் சோதனையில் நிற்கவில்லை. அவ்விரு சொற்களும் சேர்ந்தால் சப்பைப்பாதம் ஆகுமே தவிர, மகர ஈறு தொலைந்து தகரம் இரட்டித்துச் சப்பாத்து ஆவதற்குத் தமிழில் வழி கிடையாது. பொருளும் ஒத்துவராது. சப்பைப்பாதம் காலின் பெயராகலாம். காலில் போடுவதன் பெயராக எப்படி ஆகும்?

அயல்மொழிகளைப் பார்த்தால் ஐயம் இன்னும் குறைகிறது. இந்தோனேசியாவில் காலணி 'செபாத்து'. பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் வழி வந்த 'சபாத்தோஸ்'. மராட்டியிலும் ஒரு வகைச் செருப்புக்கு 'சபாத்' என்ற பெயர் உண்டு. தமிழர் ஆட்சி எட்டாத பிலிப்பைன்ஸுக்குத் தமிழ்ச் சப்பை எப்படிப் போயிருக்கும்? இச்சொல் வழங்கும் ஊர்களைப் படத்தில் புள்ளியிட்டால், ஐபீரியக் கப்பல்கள் நங்கூரமிட்ட துறைகள் வரிசையாகத் தெரியும். 1913இல் கோவாவைச் சேர்ந்த செபஸ்தியாவ் ரொடால்ஃபோ தல்காது ஆசிய மொழிகளில் போர்த்துக்கேயச் சொற்களைத் தொகுத்து நூலாக்கியபோது செய்த வேலையின் பெரும்பகுதி இத்தகைய புள்ளியிடுதலே.

போர்த்துக்கேயத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் ஐரோப்பிய அறிஞர் இன்னும் உடன்படவில்லை. ஸ்பானியம், கத்தலான், பிரெஞ்சு, இத்தாலியம் எல்லாவற்றிலும் இனச்சொற்கள் உண்டு. இத்தாலியர் 'சபாத்தா' என்று சொல்லும் தட்டையான ரொட்டியின் பெயரும் பழைய செருப்பின் பெயர்தான். துருக்கி மூலம் என்பர் சிலர், அரபு என்பர், பாஸ்கு என்பர். இவற்றுள் ஒன்றைத் தேர இங்கு தேவையில்லை. ஆனால் பூட்டும் சப்பாத்தும் பிரான்சில் ஒரு முறை சந்தித்ததைச் சொல்லாமல் விடமுடியாது. சப்பாத்தின் பிரெஞ்சு உறவான 'சவாத்', பூட்டின் தாயான சொல்லின் சாயலை ஏற்று 'சபோ' ஆயிற்று. மரத்தில் குடைந்த காலணி அது. அதிலிருந்து பிறந்ததே நாசவேலையைக் குறிக்கும் 'சபொட்டாஜ்'. தொழிலாளர் மரச்சப்பாத்தை இயந்திரத்துக்குள் எறிந்ததால் வந்த பெயர் என்று எங்கும் சொல்லப்படும் கதைக்கு ஆதாரமில்லை. மரக்காலணியோடு தடதடவென நடப்பதைக் குறித்த வினை, வேலையை அலங்கோலமாகச் செய்வதைக் குறிக்கத் தொடங்கி, அங்கிருந்து இப்பொருளுக்கு வந்தது. சுவையான கதையைக் கண்டால் சொல்லாய்வாளன் முதலில் ஐயப்பட வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி வரலாறு. யாழ்ப்பாண அரசை 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா கைப்பற்றினார். 1658இல் அது ஒல்லாந்தரிடம் போயிற்று. நேரடி ஆட்சி நாற்பது ஆண்டுகூட இல்லை. அந்தக் குறுகிய காலத்தில் கோயில்பற்றுகளாகப் பிரிக்கப்பட்ட ஊர்களுள் பண்டத்தரிப்பும் ஒன்று. ஒல்லாந்த மதகுரு பிலிப்புஸ் பல்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் தேவாலயங்களில் பண்டத்தரிப்பினதும் உண்டு. அருகே சில்லாலை, ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல், யோசேப் வாஸ் அடிகளார் தஞ்சம் புகுந்த ஊர்.

இந்த நாற்பது ஆண்டுக்குள்தான் சப்பாத்து நம் மொழிக்குள் வந்தது என்று பலரும் எழுதுகின்றனர். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பரதவர் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டனர். மன்னாருக்கும் அக்கரைக்கும் இடையே வள்ளங்கள் போய்வந்தன. ஆகவே சொல் 1619க்கு முன்பே கடல்வழி வந்திருக்கக்கூடும். மறுபுறம், 1658க்குப் பின்னும் போர்த்துக்கேயம் இலங்கைத் துறைமுகங்களின் பொதுப்பேச்சாக நெடுங்காலம் இருந்தது. ஒல்லாந்தரின் வீடுகளிலேயே அது பேசப்பட்டது. அலுமாரி, யன்னல், குசினி, லேஞ்சி, துவாய், விறாந்தை என்று நம் வீட்டை நிரப்பும் சொற்கள் ஆட்சியாளரின் கட்டளையாக வந்தவையல்ல. அடுப்படியிலும் தையல்காரன் கடையிலும் வாய்க்கு வாய் தாவியவை. அத்தகைய சொற்களுக்கு ஆட்சிமாற்றம் எல்லையாகாது.

3. பூவும் கள்ளியும் பாலமும்

சப்பாத்து யாழ்ப்பாணத்தின் தனிச்சொத்து என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. தமிழ்நாட்டார் இன்று பூட்ஸ், ஷூ என்றே சொல்வதால் எழுந்த எண்ணம் இது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் சப்பாத்து வழங்கியது. அதற்குச் சான்று தருவது ஒரு பூ.

நாம் செவ்வரத்தை என்றும் தமிழ்நாட்டார் செம்பருத்தி என்றும் சொல்லும் பூவுக்கு ஆங்கிலத்தில் 'ஷூ பிளவர்' என்று ஒரு பெயர் உண்டு. யூல், பர்னல் இருவரும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம் இப்பெயரை எடுத்து, இது 'சப்பாத்துப்பூ' என்ற தமிழ்ப்பெயரின் நேர் மொழிபெயர்ப்பு என்று விளக்குகிறது. சென்னையில் சப்பாத்துக்குக் கறுப்பு ஏற்ற அப்பூவைப் பயன்படுத்தினார்களாம். இந்தோனேசியாவில் அதே பூ 'கெம்பாங் செபாத்து'. சிங்களத்தில் 'சபத்து மல்'. போர்த்துக்கேயத்தின் ஒரு சொல் தமிழாகி, தமிழ்ப் பூவின் பெயருக்குள் புகுந்து, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பாய்ப் போயிருக்கிறது. ஆங்கிலக் காலணிச் சொல் ஒன்றின் பின்னால் தமிழ் நிற்கும் அரிய இடம் இது.

இதைப் படித்த அன்றே வளவிலிருந்த செவ்வரத்தையில் நான்கு பூப் பிடுங்கி, இதழ்களைக் கசக்கி, பழைய கறுப்புத் தோல் சப்பாத்தில் தேய்த்துப் பார்த்தேன். இதழ் முதலில் கொழகொழவென்று வழுக்கியது. பிறகு கத்தரிப்பூ நிறத்தில் சாறு விட்டது. காய்ந்ததும் தோலில் மங்கலான, கறுப்பான மினுக்கம் இருந்தது. விரலில் ஊதாக் கறை இரண்டு நாள் போகவில்லை. பெயரின் காரணம் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பூவும் காலணியும் ஒரே சொல்தான் என்பதில் ஐயமில்லை.

கள்ளி அவ்வளவு எளிதன்று. நாகதாளி என்றும் சொல்லப்படும் தட்டைக்கள்ளிக்குச் சப்பாத்துக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று இரு வடிவங்கள் வழங்குகின்றன. சப்பாத்தி போலத் தட்டையாக இருப்பதால் வந்த பெயர் என்று இன்று எவரைக் கேட்டாலும் சொல்வார். தண்டின் வடிவம் சப்பாத்தின் அடித்தோல் போலவும் இருக்கிறது: நீள்வட்டம், ஒரு முனை சற்றே ஒடுங்கியது. எது முதல்?

சப்பாத்துக்கள்ளியே முதல் என்பது என் முடிபு. செடி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் கொண்டுவந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற மருத்துவர், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்கென்றே இவ்வினக் கள்ளிகளைத் தோட்டமாக வைத்தார். செடி பரவிய காலத்துச் சென்னைப் பேச்சில் சப்பாத்து என்றால் காலணி என்று எல்லோருக்கும் தெரியும். பூவின் பெயரே சாட்சி. கோதுமை ரொட்டியோ அந்நாளில் தமிழர் வீட்டு உணவன்று. பின்னர் தமிழ்நாட்டில் சப்பாத்து வழக்கொழிந்தது, சப்பாத்தி பெருகியது. பொருள் விளங்காத சொல்லைப் பொருள் விளங்கும் சொல்லாக மக்கள் திருத்திக்கொள்வது எல்லா மொழிகளிலும் நடப்பது. சப்பாத்தியிலிருந்து சப்பாத்துக்குத் திரிய அப்படியொரு தூண்டுதல் கிடையாது.

பாலத்தைப் பொறுத்தவரை நான் எதிர்த்திசையில் நிற்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும், வெள்ளம் வந்தால் மேலாகப் பாய்ந்து போகும்படி ஆற்றின் குறுக்கே தாழக் கட்டிய பாதைக்குச் சப்பாத்து என்று பெயர். குழித்துறையில் தாமிரபரணியின் குறுக்கே உள்ள சப்பாத்துப் பாலம் மழைக்காலம்தோறும் செய்தித்தாளில் வரும். முல்லைப் பெரியாற்று அணைப் போராட்டங்களின்போது இடுக்கி மாவட்டத்துச் சப்பாத்து என்ற ஊரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. காலணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 'ஆற்றைக் கால் நனையாமல் கடக்க உதவுவதால்' என்று விளக்கம் புனையலாம். வெள்ளத்தில் மூழ்குவதற்கென்றே கட்டியதற்கு அவ்விளக்கம் பொருந்தாது. சப்பு, சப்பை, சப்பட்டை என்று தட்டையைக் குறிக்கும் சொற்குடும்பம் தமிழிலும் மலையாளத்திலும் செழிப்பாக இருக்கிறது. ஆற்றோடு ஒட்டிப் படுத்துக் கிடப்பதற்கு அக்குடும்பத்தில் பெயர் தேடுவதே முறை. காலணியில் ஒதுக்கிய சப்பைக்குப் பாலத்தில் இடம் உண்டு. ஆகவே அகராதியில் சப்பாத்து இரண்டு உருப்படிகளாக நிற்க வேண்டும்: காலணி, பூ, கள்ளி ஒன்றில், பாலம் தனியாக.

4. சிலிப்பர்: இரண்டு ஆங்கிலம், ஒரு தமிழ்

பாலத்தை விட்டால், சப்பாத்தில் ஒரு சொல் பலவாகப் பிரிந்தது. சிலிப்பரில் நடந்தது மறுதலை. ஆங்கிலத்தில் 'ஸ்லிப்பர்' வீட்டுக்குள் போடும் மெல்லிய காலணி. வழுக்கி உள்ளே போவதால் வழுக்குதல் என்ற வினையடியாகப் பிறந்தது. 'ஸ்லீப்பர்' நிலத்தில் கிடந்து மேலுள்ள பாரத்தைத் தாங்கும் கட்டை; உறங்குதல் என்ற வினையடியாகப் பிறந்தது. ஒன்றில் குறில், மற்றதில் நெடில். தமிழில் ஸகரமும் லகரமும் சேர்ந்து சொல்லைத் தொடங்க முடியாது. நடுவில் ஓர் இகரம் புகும். அப்படிப் புகுந்ததும் அசை கூடி, பின்வந்த நெடில் பேச்சில் குறுகியது. இரண்டும் சிலிப்பர் ஆயின.

கட்டைச் சிலிப்பர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது; 1905இல் பாதை தெற்கோடு இணைந்தது. பண்டத்தரிப்பாருக்கு மல்லாகமும் சுன்னாகமும் பக்கத்து நிலையங்கள். 1990இல் போர் காரணமாக ரயில் நின்றபின் தண்டவாளமும் கட்டைகளும் கழற்றப்பட்டன. அவை பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையாயின. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு ரயிலைத் தெரியாது, சிலிப்பர் கட்டையைத் தெரியும். அது அவர்களுக்கு ரயிலோடு சேர்ந்த சொல்லாக இருக்கவில்லை. குண்டு விழும்போது தலைக்குமேல் இருந்த மரமாக இருந்தது.

பண்டத்தரிப்பில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் அப்படியொரு கட்டையைப் பார்த்தேன். இப்போது அது வாங்கு. மேற்பக்கத்தில் தண்டவாளம் அமர்ந்த இடம் சற்றுக் குழிந்திருக்கிறது. குழியின் இரு பக்கமும் ஆணித்துளைகள். துளையைச் சுற்றி இரும்புத்துருவின் செம்மை. வெயில் ஏறினால் பழைய தார்மணம் இன்னும் கிளம்புகிறது. அதன்மேல் ஒரு சோடி ரப்பர்ச் சிலிப்பர் கழுவிக் காயப்போட்டிருந்தது. வீட்டு அம்மா சொன்னது: "சிலிப்பரைச் சிலிப்பருக்கு மேலை வைச்சிருக்கு, எடுத்துப் போடுங்கோ தம்பி." அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. இடம் பொருளைப் பிரித்துக் காட்டியது. குழப்பம் பிற்காலத்தில் எழுத்தை மட்டும் வைத்துப் படிப்பவனுக்கே வரும். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் மீண்டும் வந்தபோது பாதையில் கிடந்தவை கொங்கிரீட்டால் ஆனவை. கட்டை போய்விட்டது; சொல் இன்னும் சில காலம் இருக்கும்.

ரப்பர்ச் சிலிப்பருக்குப் பாட்டா என்று இன்னொரு பெயர். 1894இல் இன்றைய செக் நாட்டுச் சிலின் நகரில் தொமாஷ் பாட்டா தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. வேறு எவர் செய்த செருப்பையும் நம்மூரில் பாட்டா என்பர். செக் மொழியில் காலணிக்கு 'போத்தா' என்று பெயர். பிரெஞ்சுப் பூட்டின் இனம். பாட்டாவும் போத்தாவும் ஒலியில் நெருங்குவதால் அவை ஒன்றே என்று எண்ணத் தோன்றும். ஒன்று குடும்பப்பெயர், மற்றது இரவல் பொதுச்சொல். இங்கும் ஒலி ஏமாற்றுகிறது.

5. செருப்பின் மேல் ஏறிய சப்பாத்து

செருப்பு தமிழின் பழஞ்சொல். கன்னடத்தில் அது 'கெர்பு', 'கெர', தெலுங்கில் 'செப்பு'. கன்னடக் ககரத்துக்குத் தமிழ் சகரம் நிற்பது நமக்குப் பழகிய ஒழுங்கு: அவர்கள் 'கிவி' என்பதை நாம் செவி என்கிறோம்; அவர்கள் 'கெம்' என்பதை நாம் செம் என்கிறோம். அந்த வரிசையில் செருப்பு கச்சிதமாக அமர்கிறது. சங்கப் பாடல்களில் 'தொடுதோல்' என்ற பெயரும் உண்டு.

இப்படிச் சொந்தச் சொல் இருக்க, இரவல் சொல் ஏன் வேரூன்றியது? முதற்காரணம் பொருளின் புதுமை. அடியில் தோலும் மேலே வாரும் உடையது செருப்பு. காலை முழுதாக மூடுவது வேறு பொருள். அதற்கு வேறு பெயர். இரண்டாவது காரணத்தைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். தோல்வேலையை இழிவென்று ஒதுக்கி, அதைச் செய்தவர்களையும் ஒதுக்கிய சமூகம் நாம். செருப்பு அந்த ஒதுக்கலின் கறையைச் சுமந்தது. ஒருவரை அவமதிக்க 'செருப்பால் அடிப்பேன்' என்கிறோம். சப்பாத்தால் அடிப்பேன் என்று வைவதில்லை. சப்பாத்து கோயில்பற்றோடும் கந்தோரோடும் பள்ளிக்கூடத்தோடும் வந்தது. அமெரிக்க மிஷன் 1820இல் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் என்ற மருத்துவரை இருத்தியபோதும், அதன்பின் அங்கு பள்ளிகள் எழுந்தபோதும், சப்பாத்துக்கால் என்பது படிப்பும் சம்பளமும் உள்ள காலின் அடையாளமாயிற்று. இரண்டும் காலில் போடுவனவே; பிறப்பிடம் வேறென்பதால் மதிப்பும் வேறாயிற்று.

அம்மதிப்பு போரில் உடைந்தது. ஈழத்துப் போர்க்கால எழுத்தில் சப்பாத்துக்கால் என்றால் படையாளின் கால். 'சப்பாத்துச் சத்தம்' என்ற இரண்டு சொல் போதும்; இரவு, ஒழுங்கை, நாய் குரைப்பு, விளக்கணைத்த வீடு எல்லாம் வாசகனுக்குத் தெரிந்துவிடும். நானூறு ஆண்டளவில் முன் கப்பலோடு கரையேறிய சொல், படைகளின் காலடியைச் சொல்லப் பயன்பட்டது.

'பாதணி' இன்று படிவங்களில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் 'காலணி' அந்த இடத்தில் இருக்கிறது. இரண்டும் நல்ல ஆக்கங்கள். ஆனால் பள்ளிக் கட்டுரையில் சப்பாத்து என்று எழுதும் பிள்ளையின் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சப்பாத்து தமிழ் ஒலிவிதிக்குள் முழுதாக வந்து, சப்பாத்துக்கடை, சப்பாத்துநூல், சப்பாத்துக்கால் என்று கிளைத்து, பூவுக்கும் கள்ளிக்கும் பெயர் கொடுத்த சொல். அதன் தாய் போர்த்துக்கேயம் என்று ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. பொய்யான வேர் காட்டினால்தான் வரும்.

1842இல் மானிப்பாயில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியும், யாழ்ப்பாணத்தில் தொடங்கிச் சென்னையில் 1862இல் முடிந்த வின்சிலோ அகராதியும் இம்மண்ணின் உழைப்பில் விளைந்தவை. அப்பணி தொடர வேண்டும். பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல், சங்கானைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். செவ்வரத்தையைச் சப்பாத்துப்பூ என்று சொல்லக் கேட்ட முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே, ஊரும் வயதும் குறித்து எழுதி வையுங்கள். சிலிப்பர் கட்டையில் உட்கார்ந்திருப்பவரிடம் அது எந்த நிலையத்துக் கட்டை என்று கேட்டு அதையும் எழுதுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.